மிதிக்காரரின் வலது ஷூ

வலது ஷூவைக் கழற்றியாகிவிட்டது. அடுத்து சாக்ஸ். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இடது காலில் மட்டும் ஷூவோடு மிதிக்காரர் வண்டிக்குள் ஏறி உட்காருகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். வெறுங்காலின் பெருவிரலை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் ஆக்சிலரேட்டரின் மேல் வைக்கிறார். அந்த நேரத்தில் ஷெட்டில் ஒருவரும் பேசக்கூடாது. பக்கத்து டயர்கடைக்காரர்கூட சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்.

முதல்முறை வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். "என்னங்க இவரு, ஒத்தக் கால் ஷூவோட வண்டி ஓட்டப் போறாரா?" என்று டயர்கடைக்காரரிடம் கிசுகிசுப்பார்கள். "சும்மா இருங்க சார், கேக்குறாரு" என்பார் அவர். காலால் என்னத்தைக் கேட்பது என்று வந்தவருக்கு விளங்காது. அரை நிமிடம் கழித்து மிதிக்காரர் கண்ணைத் திறந்து, "வண்டி நல்லாத்தான் இருக்கு பாஸ். கொஞ்சம் யோசிக்குது, அவ்வளவுதான்" என்பார்.

இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கிடையாது. காலுக்கடியில் இருக்கும் மிதி எவ்வளவு அழுந்தியது என்பதை ஒரு சென்சார் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைச் சற்று ஆற அமர யோசித்துவிட்டு இன்ஜினுக்குச் சொல்லும். அந்த யோசனை நேரம்தான் மிதிக்காரரின் பிழைப்பு. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை மிதிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் மாட்டிவிடுவார். கால் பத்து சொன்னால் பெட்டி அதை இருபதாக்கிச் சொல்லும். அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் உண்டு. எண் ஏற ஏற வண்டிக்குப் பொறுமை குறையும்.

"இதுல பலம் ஏத்துற வேலையே இல்ல பாஸ்" என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார். "நூறு குதிரைன்னா நூறு குதிரைதான். தூங்கிட்டு இருக்கிறதைத் தட்டி எழுப்புறேன். அதுக்கு மேல எதிர்பார்த்தா வேற கடை பாருங்க." இவ்வளவு நேர்மையாகச் சொல்லி எப்படித் தொழில் நடக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். நடக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் வண்டிகளில் அவருடைய பெட்டி இருக்கிறது.

வேலை முடிந்ததும் வண்டிக்காரரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஒரு சுற்று. அங்கேதான் அலறல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நிறுத்துய்யா, நிறுத்துய்யா!" என்று வகுப்பறைக் குரலில் கத்தினார். இறங்கி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்து, மூச்சு சீரானதும் மெதுவாகக் கேட்டார்: "இதையே என் மருமகன் வண்டியில மாட்ட முடியுமா? அவருக்குச் சொல்ல வேண்டாம்."

மிதிக்காரர் மாட்டவில்லை. யாருடைய காலோ அவர் வந்து உட்கார வேண்டும் என்பது ஷெட்டின் சட்டம். மூலையில் பழைய கார் சீட் ஒன்றைப் பலகையில் முடுக்கி வைத்திருக்கிறார். எதிரே ஒரு தனி மிதி. அதிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போகிறது. வாடிக்கையாளர் அதில் உட்கார்ந்து சிக்னலில் பச்சை விழுந்ததாக நினைத்து மிதிக்க வேண்டும். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் போகாத வண்டியில் உட்கார்ந்து வெட்கத்தோடு மிதிப்பார்கள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அதைப் பார்த்துத்தான் எண் வைப்பார். "உங்களுக்கு மூணு போதும். நாலு வெச்சா முன்னாடி போறவன் டிக்கியில படுத்துடுவீங்க." ஏழுக்கு மேல் அவர் யாருக்கும் வைத்ததில்லை. கெஞ்சினவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

அந்தக் கோடுகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். பெயர் போட்டு அல்ல. 'பேங்க் மேனேஜர், கோபக்கால்.' 'பல் டாக்டர், சந்தேகக்கால்.' 'புதுமாப்பிள்ளை, அவசரக்கால்.' முகம் அவருக்கு நினைவில் நிற்காது. ஒருமுறை சொந்தச் சகலையே எதிரே வந்து நின்று சிரிக்க, "சொல்லுங்க பாஸ், என்ன வண்டி?" என்று கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் பேங்க் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர்களின் காலைப் பார்த்தே யார் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார், யார் வளைவில் பயப்படுவார் என்று மனைவியிடம் சொல்வார். "மூஞ்சிக்கு நடிக்கத் தெரியும். காலுக்குத் தெரியாது" என்பது அவருடைய சித்தாந்தம். மனைவி அவரோடு பேங்குக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இத்தனை பேருக்கு வண்டியை விரட்டிக் கொடுக்கும் மனிதர் ஷெட்டுக்கு வருவது சைக்கிளில். கேட்டால், "இதுல கம்ப்யூட்டர் இல்ல. மிதிச்சா போகும்" என்பார்.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, திருகு எண்ணுவது. டாஷ்போர்டுக்கு அடியில் கழற்றிய ஒவ்வொரு திருகையும் காந்தத் தட்டில் வரிசையாக வைப்பார். பூட்டும்போது ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. இரண்டு, சாவி. வேலை தொடங்கினதும் வாடிக்கையாளரின் சாவியை வாங்கி, கழற்றி வைத்த வலது ஷூவுக்குள் போட்டுவிடுவார். "இது சரியாச்சுன்னு எனக்குத் தோணுற வரைக்கும் இந்த வண்டிய யாரும் எடுக்க முடியாது." போலீஸ் அதிகாரி ஒருவர் அவசரம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஷூவுக்குள் கைவிட அவருக்கும் மனம் வரவில்லை.

சேர்த்து வைத்த கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. 'அக்கா' என்று மட்டும் இருக்கும்.

மிதிக்காரரின் கூடப்பிறந்த அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்; கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வேன். அறுபதை நெருங்குகிறவர். இருபத்திரண்டு வருடமாகக் காலையும் மாலையும் பதினான்கு பிள்ளைகள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகள் 'வேன் அம்மா' என்று கூப்பிடுவார்கள். மாமா போன பிறகு அந்த வேன்தான் அவருக்குச் சோறும் பேச்சுத்துணையும். பெரிய வகுப்புக்குப் போன பெண்ணொருத்தி பிரியும்போது கொடுத்த சின்ன வெண்கல மணி ஒன்று சாவிக்கொத்தில் தொங்கும். அக்கா வருகிறார் என்பது மணிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன்பு அந்தச் சீட்டில் முதல்முதலாக உட்கார்ந்தவர் அவர்தான். மிதிக்காரர் புது வாடிக்கையாளர்களிடம் அக்காவின் கோட்டைக் காட்டுவார். துளி நடுக்கம் இல்லாமல், கோலப்பொடியால் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி ஏறி இறங்கும். "இப்படி மிதிக்கக் கத்துக்குங்க. அப்புறம் என் பெட்டியே வேண்டாம்" என்பார்.

அந்த அக்காதான் இரண்டு மாதத்துக்கு முன்பு வந்து நின்றார். "டேய் தம்பி, வண்டி முன்ன மாதிரி இல்லடா. மிதிச்சா உடனே கேக்க மாட்டேங்குது."

இதே வார்த்தையைச் சொல்லாத வாடிக்கையாளர் அவருக்குக் கிடையாது. ஷூவைக் கழற்றினார், ஏறினார், கண்ணை மூடினார். அவர் காலுக்கு வண்டி ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. இருந்தாலும் அக்கா சொல்கிறாரே. வேனில் ஒரு பெட்டியை மாட்டி நாலு வைத்தார். சீட்டில் உட்காரச் சொல்லவில்லை. அக்கா காலை எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

மூன்று வாரம் கழித்து அக்கா மறுபடியும் வந்தார். "பத்தலடா." ஆறு வைத்தார். போன திங்கட்கிழமை மூன்றாவது தடவை. "இப்பவும் தூங்கிட்டுதான்டா இருக்கு. நீ மத்தவங்களுக்கு எல்லாம் நல்லா செய்யுற, அக்காவுக்குன்னா கைய இழுத்துக்குற."

அது அவரைச் சுட்டுவிட்டது. ஒன்பது வைத்தார்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போது ஒரு கறுப்புத் திருகு கைதவறி எங்கோ விழுந்தது. அக்கா வேனின் வாசற்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "பஞ்சு மேல நிக்கிற மாதிரியே இருக்குடா இந்தக் கால். கொஞ்சம் காத்தாடட்டும்" என்றார். மிதிக்காரரின் காதில் விழுந்தது. கவனம் திருகில் இருந்தது. டார்ச்சை வைத்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்தார், மிதியடியை உதறினார், டயர்கடைக்காரரையும் கூப்பிட்டுக் குனியவிட்டார். கிடைக்கவில்லை. அக்காவுக்குப் பிள்ளைகளை எடுக்க நேரமாகிவிட்டது. ஷூவை மாட்டிக்கொண்டு, "ஒரு திருகுக்கு இந்தப் பாடா?" என்று சிரித்தார். வேறு திருகைப் பூட்டி அனுப்பிவைத்தார் மிதிக்காரர். இரண்டு நாளும் அந்தத் திருகு அவர் தூக்கத்தில் உருண்டுகொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வந்தார். மணிச் சத்தம் கேட்கவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார். வேன் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் வெகு தூரம் தள்ளி நின்றது. ஷெட்டுக்கு முன்னால் ஓட்டி வந்து நிறுத்த அக்காவுக்குத் தைரியம் இல்லை என்று மிதிக்காரருக்குப் பிறகுதான் புரிந்தது. இன்னொரு கையில் வைத்திருந்ததை லேப்டாப் பக்கத்தில் வைத்தார். வாத்துப் படம் ஒட்டிய நீலத் தண்ணீர் பாட்டில். தட்டையாக நசுங்கி, வாத்தின் மேல் டயரின் பட்டைகள் பதிந்திருந்தன.

"உன் பெட்டிய கழட்டுடா."

"என்னாச்சுக்கா?"

"கழட்டுன்னு சொன்னேன்ல."

காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கியாகிவிட்டது. கடைசியாக இறங்கிய குட்டிப்பெண் வேனுக்கு முன்னால் கடந்து போகும்போது கையிலிருந்த பாட்டில் நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தாள். உயரமான வேனின் சீட்டிலிருந்து பார்த்தால் குனிந்த குழந்தை தெரியாது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து அக்கா பிரேக்கைக் கொஞ்சம்தான் தளர்த்தினார். வேன் பாய்ந்தது. வாசலில் நின்ற காவல்கார அம்மா குழந்தையின் புத்தகப்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பை கிழிந்தது, குழந்தை அவர் மேல் வந்து விழுந்தாள், பாட்டில் டயருக்கு அடியில் போனது. வேன் நின்றபோது காவல்கார அம்மாவின் செருப்பு நுனிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. யாருக்கும் அடியில்லை. அப்புறம் அந்தக் குழந்தை, "என் பாட்டில்" என்று அழுதாள்.

"நான் மிதிக்கவே இல்லடா. என் கால் பிரேக்குலதான் இருந்துச்சு. அதுவாப் பாஞ்சுது." அக்கா இதை நாலு தடவை சொன்னார். "வண்டிய சரி பார்த்துட்டு மூணு மணிக்கு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. மூணு மணிக்கு நான் எப்படிடா அந்தப் பிள்ளைங்க மூஞ்சியப் பாப்பேன்?"

மிதிக்காரர் நசுங்கிய பாட்டிலைப் பார்த்தார். தன் பெட்டி தானாகப் பாய்ந்தது என்றால், முந்நூற்றுச் சொச்சம் பெட்டிகள் இந்த நிமிடம் எந்தெந்தத் தெருவில், யார் யார் வாசலில், எந்தக் குழந்தைக்கு முன்னால் நிற்கின்றன? பேங்க் மேனேஜரின் வண்டி. பல் டாக்டரின் வண்டி. பிறகு அக்காவிடம் சாவியை வாங்கித் தெருவைக் கடந்து போய், வேனுக்குப் பக்கத்தில் வலது ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தானே ஓட்டி உள்ளே கொண்டுவந்தார். தன் காலுக்கே வேன் பயந்த மாடு மாதிரித் துள்ளியது. இதையா அக்காவுக்குக் கொடுத்தேன் என்று நொந்துகொண்டார்.

அக்கா சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மிதிக்காரர் பெட்டியைக் கழற்றினார். சூடாக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், ஒயரை வளைத்து நெளித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம். தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம், பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. கால் சொன்னதைத்தான் அது பெருக்கிச் சொல்லியிருக்கிறது. முந்நூறு வண்டிக்கும் ஆபத்தில்லை என்று மூச்சு வந்தது. அப்படியென்றால் அக்காவின் வண்டியில் என்ன நடந்தது? அந்தப் பெட்டி கடைசி நாலைந்து நாளின் மிதிகளை நினைவில் வைத்திருக்கும். லேப்டாப்பில் செருகினார்.

திரையில் வந்த கோட்டைப் பார்த்ததும் முதலில் நிம்மதிதான் வந்தது. இது அக்காவின் கால் இல்லை. வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, இந்த ரெண்டு நாள்ல வண்டிய யார்கிட்டயாவது குடுத்தியா?"

"என் வண்டிய என்னைத் தவிர எவன் தொடுவான்?"

"யோசிச்சுச் சொல்லு. டயர் பாக்க, கழுவ…"

"இல்லங்கிறேன்ல!"

மிதிக்காரர் ஆறு வருடத்துக்கு முந்தைய கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்த ஒரே இழுப்புக் கோடு. இந்தப் புதுக் கோடோ ஒன்றுமே இல்லாமல் கிடந்து, திடீரென்று சுவர் மாதிரி எழும்பி, பாதியில் தடுமாறி, இறங்க மறந்து நின்றது. காலை எட்டு மணிக்கு முந்தைய இடத்துக்குப் போனார். வேன் பள்ளிக்கூட வாசலில் நின்ற நாற்பது விநாடியும் கோடு பூஜ்யத்தில் இல்லை. நூற்றுக்கு ஏழில் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, வேனுக்கு முன்னால் கடந்து போன அத்தனை நேரமும் ஏழு. கால் முழுக்க பிரேக்கில் இருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்க, காலின் ஓரம் ஆக்சிலரேட்டரில் சாய்ந்திருக்கிறது. பெட்டியின் ஒன்பதாம் எண் ஏழு என்ற அந்த அழுத்தத்தை முப்பதாக்கி இன்ஜினுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக் ஒன்றுதான் பிடித்து வைத்திருந்தது.

முந்தைய நாளுக்குப் போனார். அங்கேயும் ஏழு. அதற்கு முந்தைய நாளும். எத்தனை வாசல், எத்தனை பிள்ளைகள். மிதிக்காரர் மௌஸைத் தள்ளிவைத்தார்.

"அக்கா. கொஞ்சம் இந்தச் சீட்டுல வந்து உக்காரேன்."

"எனக்கு எதுக்குடா இது? என் காலுதான் உனக்குத் தெரியுமே."

"உக்காருக்கா."

அக்கா சாவிக்கொத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். காலை மிதியின் மேல் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் காலைக் குனிந்து பார்த்து வைக்கிற ஆள் இல்லை அவர். "நேரா பாருக்கா. ரோட்டப் பாக்குற மாதிரி. மெதுவா மிதி" என்றார் மிதிக்காரர்.

அக்கா எதிர்ச்சுவரைப் பார்த்தார். "மிதிச்சுட்டேன்."

திரையில் கோடு தரையில் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"மிதிச்சுட்டுதான்டா இருக்கேன்!"

கோடு அசையவில்லை. மிதிக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காவின் ஷூ மிதிக்கு இரண்டு விரல் பக்கத்தில், வெறும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. அக்கா நம்பிக்கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரோட்டைப் பார்க்கிற மாதிரியே.

மிதிக்காரர் லேப்டாப்பை விட்டு எழுந்தார். அக்காவின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வலது ஷூவின் பட்டையை அவிழ்த்தார். "என்னடா பண்ற, விடு, அழுக்கு" என்று அக்கா காலை இழுக்கப் பார்த்தார். ஷூவைக் கவிழ்த்தபோது உள்ளிருந்து ஒன்று விழுந்து சிமெண்ட் தரையில் டிங் என்று உருண்டது. கறுப்புத் திருகு. திங்கட்கிழமைத் திருகு.

அக்காவும் அதைப் பார்த்தார். "அட, இங்கயா இருந்துச்சு? நீ அந்தத் தேடு தேடின!" என்று சிரித்தார். இரண்டு நாள். வீட்டில் ஷூ இல்லாமல் இருந்திருப்பார், ஆனாலும் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஏறி இறங்கி, பிள்ளைகளின் பையைத் தூக்கி, பிரேக்கை மிதித்து, அந்தத் திருகின் மேலேயே நின்றிருக்கிறார். சாக்ஸின் அடியில் காய்ந்த ரத்தம் ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. சாக்ஸைக் கழற்றியதும் பாதத்தில் திருகின் தலை அப்படியே, அதன் அறுகோணப் பள்ளம் உள்பட, சிவந்து குழிந்து பதிந்திருந்தது. மிதிக்காரரால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"வலிக்கலயாக்கா?"

"எது?" என்று குனிந்து பார்த்தார் அக்கா. சிரிப்பு நின்றுவிட்டது. "சுகர் மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான்டா போடுறேன். கால் கொஞ்சம் மதமதன்னு இருக்கும். வயசாகுதுல்ல. வண்டில ஏறி உக்காந்தா சரியாயிடும்."

ஊரில் யார் காலைக் கேட்டாலும் சொல்லுகிற மனிதர். பேங்க் வரிசையில் நிற்கும் அந்நியரின் காலைச் சொல்லுவார். இரண்டு மாதமாக மூன்று தடவை இந்த ஷெட்டுக்கு நடந்து வந்து நின்ற காலை அவர் பார்க்கவே இல்லை. வண்டி கேட்கவில்லை என்று அக்கா சொல்ல, வண்டியைத்தான் முடுக்கினார். நாலு, ஆறு, ஒன்பது. தொழில் தெரியாத ஒருவரிடம் அக்கா இதைச் சொல்லியிருந்தால், "உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாவது கேட்டிருப்பார்கள். மேஜை மேல் வாத்து நசுங்கிக் கிடந்தது.

டயர்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"டேய், என்னடா அப்படியே உக்காந்துட்ட? மணி ஒண்ணாச்சு. பெட்டிய கழட்டிட்டல்ல, அது போதும். இனிமே அதுவாப் பாயாது. ஒரு பிளாஸ்டரப் போட்டு விடு, நான் கிளம்புறேன்."

மிதிக்காரர் அக்காவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய வலது கால் வெறுங்காலாகத்தான் இருந்தது; வேனை ஓட்டி வந்தபோது கழற்றிய ஷூ பெஞ்சுக்குக் கீழே கிடந்தது.

"ஒரு நிமிஷம்க்கா. கண்ண மூடிக்கோ. நான் விரலால அழுத்துவேன். அழுத்தும்போது சொல்லு."

"சின்னப்பிள்ளை விளையாட்டெல்லாம் விளையாடிக்கிட்டு…" என்றபடி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் பயம் இருந்ததா என்று மிதிக்காரருக்குத் தெரியவில்லை. அவருக்கு முகம் படிக்க வராது.

பெருவிரலுக்குக் கீழே அழுத்தினார். அக்கா பேசவில்லை. நடுப்பாதத்தில் அழுத்தினார். குதிகாலில் அழுத்தினார். திரும்பவும் பெருவிரலுக்கே வந்து, தன் நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினார்.

"ஆரம்பிடா" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "மூணு மணிக்குப் பிள்ளைங்க வாசல்ல நிக்கும்."

மிதிக்காரர் கட்டைவிரலை எடுக்கவில்லை. இடது கையைப் பெஞ்சின் மேல் நீட்டி, சாவிக்கொத்தின் மணியை முதலில் விரல்களுக்குள் பொத்திக்கொண்டார். சத்தம் வராமல் தூக்கி, கீழே கிடந்த தன் வலது ஷூவுக்குள் மெதுவாக வைத்தார்.